தவளைவாயன்: தட்டேக்காட்டின் இராப் பறவை

நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும், காக்கை, குருவி, மைனா, கிளி, புறா என்று ஐந்தாறு பெயர்களோடு அவர்களுக்குத் தெரிந்த தமிழ்ப் பறவைகளின் பட்டியல் முடிந்துவிடுகிறது. பெரியவர்களாகிய நம்மில் பலருடைய பட்டியலும் அதைவிட நீளமானதல்ல. மட்டாஞ்சேரியிலிருந்து காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்ச் சேரக்கூடிய ஒரு காட்டில் வாழும் அபூர்வமான பறவையைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம். அதன் பெயர் தவளைவாயன்.

முதலில் பெயர். தமிழில் தவளைவாயன், அல்லது இலங்கைத் தவளைவாயன். மலையாளத்தில் 'மாக்காச்சிக்காட' என்பார்கள். மாக்காச்சி என்றால் தவளை. காட என்பது நம்முடைய காடையேதான். இரண்டு மொழிக்காரர்களும் அந்த வாயைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அறிவியல் பெயராகிய 'பாட்ரகோஸ்டோமஸ் மோனிலிகர்' என்பதன் முற்பகுதிக்குக் கிரேக்க மொழியில் தவளை வாய் என்பதே பொருள். பிற்பகுதி லத்தீன், கழுத்தணி அணிந்தது என்று அர்த்தம். கழுத்துப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகளின் வரிசையைக் கண்டு வைத்த பெயர் அது. கல்கத்தாவில் ஏஷியாட்டிக் சொசைட்டியின் அருங்காட்சியகத்தைக் கவனித்து வந்த எட்வர்ட் பிளைத் என்ற ஆங்கிலேயர், இலங்கையிலிருந்து வந்த மாதிரியைக் கொண்டு 1849-ல் இப்பறவையை விவரித்து எழுதினார். 'இலங்கை' என்ற அடைமொழி அப்படி ஒட்டிக்கொண்டது. உண்மையில் இது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில், கன்யாகுமரி மாவட்டத்து மலைகள் தொடங்கி ஆனைமலை, வயநாடு, கர்நாடகம், கோவா என வடக்கே நெடுந்தூரம் வரை காணப்படுகிறது. பெயரில் இலங்கை இருந்தாலும் அதை நம் ஊர்ப் பறவை என்று சொல்லிக்கொள்ள நமக்கு எல்லா உரிமையும் உண்டு.

பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? மைனா அளவுதான், நீளம் சுமார் 23 சென்டிமீட்டர். ஆனால் தலை உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரியது. அலகு அகலமாய், நுனி வளைந்து, தலையின் இரு பக்கத்தையும் தொட்டுக்கொண்டு இருக்கும். வாயைத் திறந்தால் தலையே இரண்டாகப் பிளந்ததுபோல் தோன்றும். அலகைச் சுற்றி மீசை போன்ற விறைத்த மயிர்கள். கண்கள் மஞ்சள். ஆண் பறவை சாம்பலும் பழுப்பும் கலந்து, வெள்ளையும் கறுப்புமாகத் தெளித்த கோலத்தில் இருக்கும்; பாசி படர்ந்த மரப்பட்டையைப் போல. பெண் பறவை செம்பழுப்பு நிறம். காய்ந்த இலையைப் போல. அழகான பறவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். குழந்தைகளிடம் படத்தைக் காட்டினால் முதலில் சிரிப்பார்கள். அது நல்லதுதான், பெயர் மனதில் நிற்கும்.

நம்மூரில் பக்கி என்று சொல்கிற பறவையோடு பலர் இதைக் குழப்பிக்கொள்வதுண்டு. இரண்டும் இரவில் திரிபவை, இரண்டும் பழுப்பு நிறம், இரண்டுக்கும் பெரிய வாய். ஆனால் பக்கி தரையில் படுக்கும், தரையிலேயே கூடு என்று ஒன்று இல்லாமல் முட்டையிடும், பறந்துகொண்டே பூச்சிகளை வாயில் வாரிக்கொள்ளும். அதன் அலகு மெல்லியது. தவளைவாயனோ மரத்துப் பறவை. கிளையில் காத்திருந்து, வண்டு, விட்டில், வெட்டுக்கிளி எது அசைந்தாலும் பாய்ந்து கவ்வி, மீண்டும் கிளைக்கு வந்து உட்காரும். அதன் கண்கள் ஆந்தையைப் போல முன்னோக்கி அமைந்தவை. கால்கள் மிகச் சிறியவை, நடப்பதற்கு உதவாது. ஆகவே பகல் முழுவதும் ஒரே கிளையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் அதன் வழக்கம்.

அசையாமல் இருக்கும் கலை

இந்தப் பறவையின் நடத்தையில் நமக்கு மிகவும் வியப்பளிப்பது இந்த அசையாமைதான். ஆணும் பெண்ணும் ஒரே கிளையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பகலைக் கழிக்கின்றன. கொடிகளும் சருகுகளும் சிக்கிக்கிடக்கும் தாழ்வான புதரையோ, பிரம்பும் மூங்கிலும் அடர்ந்த இடத்தையோ தேர்ந்தெடுக்கும். தலைக்கு மேலே ஒரு கையெட்டும் உயரத்தில் அவை இருக்கும். கீழே நிற்கும் நமக்கு இரண்டு சருகுகள் தொங்குவதுபோல்தான் தெரியும். ஒரு ஜோடி ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. நாள் தவறாமல் அதே இடத்துக்கு வருவதும் உண்டு. தட்டேக்காட்டு வழிகாட்டிகள் பயணிகளுக்கு அவற்றை உறுதியாகக் காட்ட முடிவது அதனால்தான்.

யாராவது நெருங்கினால் மற்றப் பறவைகள் செய்வதை இது செய்வதில்லை. பறக்காது, கத்தாது. கடிகாரத்தின் நிமிட முள் நகர்வதைப் போல மெல்ல மெல்லத் தலையைத் தூக்கி, அலகை வானை நோக்கி நீட்டிக்கொள்ளும். உடம்பு முழுவதையும் இறுக்கி நீளமாக்கிக்கொள்ளும். அப்போது பார்த்தால் முறிந்த கிளையின் கூரிய முனைதான். மஞ்சள் கண்கள் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? அதனால் இமைகளை மூடி, ஒரு கோடளவு மட்டும் திறந்து வைத்து, அந்த இடுக்கு வழியே நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இதைத்தான் உருமறைப்பு என்கிறோம். மிகவும் நெருங்கித் தொந்தரவு செய்தால் மட்டும் கண்ணை அகல விழித்து, வாயைப் பிளந்து மிரட்டிப் பார்க்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறம் மட்டும் போதாது. சருகு நிறமுள்ள பறவை பச்சை இலைக்கு நடுவே போய் உட்கார்ந்தால் பயனில்லை. சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டுப் பதறிப் பறந்தாலும் பயனில்லை. நிறம், இடம், பொறுமை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் மறைவு நிறைவு பெறும். பள்ளிப் பாடப் புத்தகங்களில் உருமறைப்பு என்றால் நிறத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பச்சோந்தியின் படம் ஒன்று, இலைப் பூச்சியின் படம் ஒன்று, அவ்வளவுதான். நடத்தையும் அதில் பாதி என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒரே ஒரு முட்டை

தென்னிந்தியாவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இதன் இனப்பெருக்கக் காலம். கூடு மிகச் சிறியது. கிளை பிரியும் கவட்டில், அல்லது படுக்கையான கிளையின் மேல், பாசியைக் கொண்டு ஒரு சிறு மெத்தை. உள்ளே தன் உடம்பிலிருந்தே எடுத்த மென்தூவி. வெளியே மரப்பட்டைத் துணுக்குகளும் கல்பாசியும். கல்பாசி மட்டாஞ்சேரிக்காரர்களுக்குப் புதிய பொருளல்ல. நம் சரக்குக் கிடங்குகளில் மசாலாவோடு மூட்டையாக வந்து இறங்குவதும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். பறவை உட்கார்ந்துவிட்டால் அதன் வயிறே கூட்டை மூடிவிடும். பார்ப்பவர்களுக்குக் கிளையில் ஒரு முண்டு இருப்பதாகத் தோன்றுமே தவிர, கூடு இருப்பதாகத் தோன்றாது.

அதில் இடுவது ஒரே ஒரு வெள்ளை முட்டை. பகலில் அடைகாப்பது தகப்பன், இரவில் தாய். இந்த முறைமாற்றத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கக்கூடும். கூட்டின் வெளிப்புறம் கல்பாசியின் சாம்பல் நிறம். ஆணின் இறகும் அதே சாம்பல் நிறம். வெளிச்சத்தில் கூட்டோடு கலந்து மறைய ஆணுக்கே வசதி அதிகம். இருட்டில் நிறத்துக்கு வேலையில்லை. அப்போது பெண் உட்காரலாம். தகப்பன் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலிலும் மழையிலும் ஒரே நிலையில் உட்கார்ந்திருப்பதைப் பற்றிப் பெண்மணிகள் என்ன நினைப்பார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.

குஞ்சு வளர்ந்து கூட்டை விட்டு இறங்கிய பிறகு ஆண் பறவை அந்தக் கூட்டைக் கலைத்துவிடும் என்பது பறவையியலார் பதிவு செய்துள்ள செய்தி. அடுத்த பருவத்தில் அதே இடத்தில் புதிய கூடு கட்டுவதும் உண்டு. பகைவர் கண்ணில் பழைய அடையாளம் படக்கூடாது என்பதற்காக இருக்கலாம் என்று கொள்ள இடமுண்டு. பறக்கக் கற்ற குஞ்சு உடனே பிரிந்து போவதில்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில், இரண்டு பேரும் இருபுறமும் அணைத்தாற்போல் ஒரே கிளையில் உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பலர் படம் பிடித்திருக்கிறார்கள்.

பருவத்துக்கு ஒரே முட்டை என்பதை மறக்கக்கூடாது. கோழி ஒரு முட்டையை இழந்தால் மறுநாள் இன்னொன்று இடும். புறா வருஷத்தில் பலமுறை குஞ்சு பொரிக்கும். தவளைவாயனுக்கு அந்த வசதி இல்லை. பகலில் அடைகாக்கும் ஆண் பறவையை யாராவது விரட்டிவிட்டால், வெள்ளை முட்டை சிறு மெத்தையின் மேல் வெட்டவெளியில் கிடக்கும். காகத்துக்கும் அணிலுக்கும் அது போதும். அந்த ஜோடியின் அந்தப் பருவத்து முயற்சி அத்தோடு முடிந்தது.

தட்டேக்காடு

எர்ணாகுளத்திலிருந்து மூவாற்றுப்புழை வழியாகவோ பெரும்பாவூர் வழியாகவோ கோதமங்கலம் போய், அங்கிருந்து பூதத்தான்கெட்டு அணைப் பக்கம் சுமார் 13 கிலோமீட்டர் சென்றால் தட்டேக்காடு. கொச்சியிலிருந்து மொத்தம் 60 கிலோமீட்டர் இருக்கலாம். பெரியாற்றின் கரையில் இருக்கிறது. நம் காயலில் வந்து சேரும் தண்ணீரில் ஒரு பங்கு அந்தக் காட்டைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது.

1933-ல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி திருவாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். அப்போது இந்தப் பகுதியையும் சுற்றிப் பார்த்தார். தென்னிந்தியத் தீபகற்பத்தில் இவ்வளவு பறவை வளம் உள்ள இடம் வேறில்லை, இதற்கு இணையாகக் கிழக்கு இமயமலையைத்தான் சொல்லலாம் என்பது அவருடைய கருத்து. ஐம்பது வருஷம் கழித்து, 1983-ல், கேரள அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அறிவித்தபோது அதன் பரப்பு 25 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். புலி, யானைச் சரணாலயங்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் மழைக்காடு, தேக்குத் தோட்டம், ஆற்றங்கரை, சதுப்பு எல்லாம் அந்தச் சிறிய இடத்துக்குள் அடங்கியிருப்பதால்தான் அத்தனை வகைப் பறவைகள்.

தவளைவாயன் நெடுங்காலம் அரிதினும் அரிதான பறவையாகக் கருதப்பட்டது. பகலில் கண்ணில் படாது. இரவில் காட்டுக்குள் போகிறவர் குறைவு. சாலிம் அலியின் மாணவரான டாக்டர் ஆர். சுகதன், மேற்குத் தொடர்ச்சி மலையில் இதன் வாழிடங்களைத் தேடி அலைந்து ஆய்வு செய்தார். அந்த ஆய்வுக் கட்டுரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1981-ல் வெளிவந்தது. பின்னாளில் அவர் தட்டேக்காட்டிலேயே நெடுநாள் தங்கிப் பணியாற்றினார். இது காண அரிதே தவிர, நினைத்த அளவு எண்ணிக்கையில் அரிதல்ல என்பது பிற்பாடு தெரிய வந்தது. குரலை அடையாளம் காணக் கற்றுக்கொண்ட பிறகு பல காடுகளில் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்திப் பொழுதிலும் விடியலிலும் கூப்பிடும். பெண்ணின் குரல் உரத்த கீச்சொலியாகத் தொடங்கி இறங்கி முடியும். ஆண் விரைவாக அடுக்கடுக்காகச் சிரிப்பது போன்ற ஒலியை எழுப்பும். முதல்முறை கேட்பவர் பறவை என்றே நினைக்கமாட்டார்.

குரல் என்றதும் ஒரு பக்கச் செய்தி. கேரளத்தில் 'காலன்கோழி' என்று ஓர் ஆந்தை வகைக்குப் பெயர். அது கூவினால் எமன் வருகிறான் என்று பாட்டிமார்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். நம் பக்கத்திலும் ஆந்தை அலறினால் சாவு என்ற நம்பிக்கை உண்டு. இராப் பறவைகளுக்கு எந்த மொழியிலும் நல்ல பெயர் கிடைத்ததில்லை. கல்லெறிந்து விரட்டும் வழக்கம் இதனால் வந்ததே. எலியையும் பூச்சியையும் தின்று நம் அரிசி மூட்டைகளைக் காக்கும் பறவைகளுக்கு நாம் செய்யும் மரியாதை இது!

இன்னொரு விஷயமும் உண்டு. தவளைவாயன் குடும்பத்தின் நெருங்கிய உறவினர் எல்லாம் மலேசியா, சுமத்ரா, போர்னியோ, ஜாவா, பிலிப்பைன்ஸ் பக்கம் வாழ்கின்றனர். ஆஸ்திரேலியாவில் பெரிய உருவங்களும் உண்டு. இந்தியாவில் நம்முடையதை விட்டால் வடகிழக்கு மலைகளில் மட்டும் இன்னொரு வகை இருக்கிறது. நடுவில் தக்காணம் முழுவதும் ஒன்றும் கிடையாது. ஒரு காலத்தில் ஈரக்காடுகள் தொடர்ச்சியாக இருந்து, பிறகு நடுப்பகுதி வறண்டு துண்டுபட்டிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் இப்படிப்பட்ட உயிரினங்களைக் கொண்டு ஊகித்தார்கள். சொந்தக்காரர்கள் கடல் கடந்தும் மலை கடந்தும் பிரிந்து கிடப்பது நமக்கும் பழக்கமான கதைதானே.

இன்றைய நிலைமை

உலக அளவில் இந்தப் பறவை உடனடி அபாயப் பட்டியலில் இல்லை. காட்டை ஒட்டிய பாக்குத் தோட்டம், ஏலத் தோட்டம், தேக்குத் தோட்டம் ஆகியவற்றிலும் சமாளித்துக்கொள்கிறது. ஆனால் அருகில் அடர்ந்த காடும், கீழே கொடியும் புதரும் இருந்தால்தான். புதரைச் சுத்தமாக வெட்டிய ரப்பர் தோட்டத்தில் அது எங்கே போய்ச் சருகாக மாறும்?

தட்டேக்காட்டில் வேறொரு பிரச்சினையும் இருக்கிறது. சரணாலயத்தை அறிவித்தபோது அதன் எல்லைக்குள்ளேயே குடியிருப்புகளும் விளைநிலங்களும் அடங்கிவிட்டன. வீடு கட்டவும் கடன் வாங்கவும்கூடத் தடையாக இருக்கிறது, எங்கள் நிலத்தை எல்லையிலிருந்து விலக்குங்கள் என்பது அங்குள்ள குடும்பங்களின் நீண்டநாள் கோரிக்கையாக இருந்து வந்திருக்கிறது. விலக்கினால் காட்டின் ஓரம் முழுவதும் கட்டடமாகிவிடும் என்பது பறவை ஆர்வலர்களின் கவலை. அந்தக் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பு இப்போது பறவை பார்க்க வருவோரையே நம்பியிருக்கிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வீட்டில் தங்க இடம் கொடுத்து, சமைத்துப் போட்டு, விடியற்காலையில் காட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். பெண்மணிகளும் தேர்ந்த வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்கள் வேண்டாதவர்கள் என்று தள்ளிவிட்டுக் காட்டைக் காப்பாற்ற முடியாது என்பது என் எண்ணம். எந்தக் கிளையில் எந்த ஜோடி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

பெரிய தொந்தரவு வெளியிலிருந்து வருகிறது. நல்ல கேமரா வைத்திருப்பவர் எல்லாரும் அந்த ஜோடியைக் கைக்கெட்டும் தூரத்திலிருந்து படமெடுக்க விரும்புகிறார்கள். இலை மறைக்கிறது என்று கொப்பை ஒடிக்கிறார்கள். பிளாஷ் அடிக்கிறார்கள். பதிவு செய்த குரலைக் கைப்பேசியில் போட்டுப் பறவையை ஏமாற்றி வரவழைக்கிறார்கள். பறவை பறக்கவில்லை, அதனால் அதற்குக் கஷ்டம் இல்லை என்று வாதம் வேறு! அசையாமல் இருப்பதுதான் அதன் பயத்தின் வடிவம் என்பதை மேலே பார்த்தோம். அலகை மேலே நீட்டி, கண்ணை இடுக்கிக்கொண்டு இருக்கிறது என்றால், போய்த் தொலையுங்கள் என்று அது சொல்லிவிட்டது என்று அர்த்தம். ஒடித்த கொப்பு அதன் கூரை. மறைப்பு போன பிறகு அந்த ஜோடி அந்த இடத்தை விட்டுவிடக்கூடும்.

நம் அன்பர்கள் குடும்பத்தோடு அங்கே போக விரும்பினால் சில விவரங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை சீதோஷ்ணம் நன்றாக இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி கூடு கட்டும் காலம் என்பதை நினைவில் வையுங்கள். காலை ஆறு மணிக்கே காட்டுக்குள் இருந்தால்தான் பறவைகளைக் காணலாம். ஆகவே முதல்நாள் இரவே போய்த் தங்குவது உத்தமம். வெள்ளை, சிவப்புச் சட்டைகள் வேண்டாம். மங்கிய பச்சை, காக்கி நல்லது. மல்லிகைப்பூவும் வாசனைத் திரவியமும் ஒருநாள் ஓய்வெடுக்கட்டும். ரேடியோ, பாட்டு, புளியோதரைப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறை எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும். வழிகாட்டி விரலை உதட்டில் வைத்து ஒரு புதரைக் காட்டினால், பிள்ளைகளை ஒவ்வொருவராக முன்னே அனுப்புங்கள். பத்து எண்ணும் நேரம் பார்த்தால் போதும். சிலருக்குப் பத்து எண்ணியும் சருகு மட்டும்தான் தெரியும்; அதற்காகக் கிளையை ஆட்டச் சொல்லக்கூடாது.

போக முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. மட்டாஞ்சேரியின் பழைய ஓட்டுக் கட்டடங்களைச் சுற்றி அந்தி நேரத்தில் நின்று பாருங்கள். வெள்ளை முகத்தோடு சத்தமில்லாமல் பறப்பது கூகை, மலையாளத்தில் வெள்ளிமூங்கா. தென்னை மரத்துப் பொந்திலிருந்து எட்டிப்பார்த்துத் தலையை ஆட்டுவது புள்ளி ஆந்தை. பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், இடம், பறவை என்ன செய்தது என்று தமிழில் நான்கு வரி எழுதி வரட்டும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் குரலையும் எழுதினால் போதும். மலையாளப் பெயரைப் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதலாம். தமிழ்ப் பெயரை நாம் சேர்ந்து தேடிக் கண்டுபிடிப்போம்.